உபதேசம் இருக்கட்டும், உலையில் என்ன வேகிறது?

"வேளாவேளைக்குச் சத்தான ஆகாரம் சாப்பிடுங்கள். எட்டு மணி நேரம் தூங்குங்கள். மனசில் கவலை வைக்காதீர்கள்." உழைப்பாளி மக்களுக்குக் காசில்லாமல் தாராளமாகக் கிடைக்கும் சரக்கு ஒன்று உண்டென்றால் அது இந்த உபதேசந்தான். ஆஸ்பத்திரிச் சுவரில் படம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். செல்போனைத் தொட்டால் பேசுகிறது. டெலிவிஷனில் டாக்டர் ஒருவர் சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டுப் போகிறார்.

உபதேசம் தப்பு என்று சொல்ல வரவில்லை. சொல்கிறவர்களும் கெட்டவர்கள் அல்ல. ஆனால் வாழைத்தார் சுமந்து தோள் காய்த்துப்போனவனையும், இடுப்பு ஒடிய நாற்று நடுகிறவளையும், ராத்திரி ஷிப்டில் நூற்புக் கூடத்தில் நிற்கிற பெண்ணையும் பார்த்து இதைச் சொல்லும்போது ஒரு கேள்வி பிறக்கிறது. ஆகாரத்துக்குக் கூலி எங்கே? தூக்கத்துக்கு நேரம் எங்கே? கவலையில்லாமல் இருக்க நாளைக்கு வேலை உண்டு என்ற உறுதி எங்கே?

ஏரல் வட்டாரத்தைப் பாருங்கள். பொதிகையில் பிறந்த தாமிரபரணி, கடலில் சேருமுன் கடைசியாகப் பாய்ந்து வளப்படுத்தும் பூமி இது. ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து வடகால், தென்கால் என்று பிரிந்து வரும் தண்ணீரில் நெல் விளைகிறது, வாழை விளைகிறது, வெற்றிலைக் கொடி படர்கிறது. பக்கத்து ஆத்தூர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு என்ற கௌரவம்கூடக் கிடைத்தது. ஆறு கடலோடு சேரும் புன்னைக்காயலில் மீன். உடன்குடிப் பக்கம் தேரியில் பனை, பதநீர், கருப்பட்டி. முத்துக்குப் பேர்போன பழைய கொற்கையும் சில மைல் தூரத்தில்தான் இருக்கிறது. சுவரொட்டியில் டாக்டர் போட்டிருக்கிற சாமான் அத்தனையும் இந்த மண்ணிலும் இந்தக் கடலிலும் உண்டு.

ஆனால் தார் லாரி ஏறிக் கேரளத்துக்குப் போகிறது. நெல் மில்லுக்குப் போகிறது. மீன் ஐஸ் பெட்டியில் வெளியூர் போகிறது. பாடுபட்டவன் வீட்டில் மிஞ்சுவது ரேஷன் அரிசிச் சோறும், அதன்மேல் ஊற்றப் புளித்தண்ணியும், தொட்டுக்கொள்ளத் துண்டுக் கருவாடும். அடிபட்டுக் கறுத்த சீப்பு ஒன்று கைக்கு வந்தால் பிள்ளைகளுக்கு அன்று பழம்.

சுகாதார நிலையத்தில் இப்படிப் பேச்சு நடக்கும்:

"எக்கா, ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கு. கீரை, முட்டை, பேரீச்சம்பழம் எல்லாம் சேத்துக்கிடணும், என்ன?"

"சேத்துக்கிடுதேன் தாயி. கூலியை நீங்க கூட்டித் தருவியளா?"

நர்ஸம்மா என்ன பதில் சொல்வார்? பல இடங்களில் அவரே தொகுப்பூதியத்தில் காலம் தள்ளுகிறவர்!

இது ஏதோ ஒரு வீட்டுக் கதையல்ல. 2019-21இல் சர்க்கார் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு மேல் ரத்தசோகை. இவர்கள் அத்தனை பேரும் கீரையின் மகிமை தெரியாத முட்டாள்களா?

எலிகள் சொன்ன சாட்சி

இந்தப் பிரச்னைக்கு நம் நாட்டிலேயே ஒரு பழைய சரித்திரம் இருக்கிறது. தொழிலாளர்கள் அதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

வெள்ளைக்காரன் காலத்தில் குன்னூரில் ஓர் ஆராய்ச்சிக் கூடம் இருந்தது. 1920களில் அங்கே ராபர்ட் மக்காரிசன் என்ற டாக்டர் எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்தார். ஒரு கூட்டத்துக்குச் சீக்கியர் சாப்பிடுகிற சாப்பாடு: கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி. இன்னொரு கூட்டத்துக்கு வங்காளிச் சாப்பாடு. மற்றொன்றுக்கு மதராஸ் சாப்பாடு. அதாவது தீட்டிய அரிசி மலைபோல், மற்றதெல்லாம் பேருக்கு. சீக்கியச் சாப்பாடு தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. மதராஸ் எலிகள் கடைசி வரிசையில் நின்றன!

மதராஸ்காரன் பிறவியிலேயே நோஞ்சான் என்று அதுவரை ஜம்பமாகப் பேசியவர்களுக்கு எலி பதில் சொல்லிவிட்டது. குறை சாதியிலும் இல்லை, ரத்தத்திலும் இல்லை, தட்டில் இருக்கிறது.

அதே குன்னூர்க் கூடத்துக்கு 1935இல் தலைவராக வந்தவர் வாலஸ் அய்க்ராய்ட். ஒரு மனிதன் உழைத்து வாழ எத்தனை கலோரி உணவு வேண்டும், அதில் தானியம் எவ்வளவு, பருப்பு எவ்வளவு, பால் எவ்வளவு என்று கணக்குப் போட்டவர்களில் அவர் முக்கியமானவர். டாக்டர்கள் பீரோவில் கிடந்திருக்க வேண்டிய அந்தக் கணக்கு தொழிலாளியின் கோரிக்கைப் பட்டியலில் ஏறியது. அதுதான் நமக்கு முக்கியம்.

1957 ஜூலையில் டில்லியில் 15வது இந்தியத் தொழிலாளர் மாநாடு கூடியது. அன்றைய தொழிலாளர் நல மந்திரி குல்ஜாரிலால் நந்தா. சர்க்கார், முதலாளிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய மூன்று தரப்பும் உட்கார்ந்து, குறைந்தபட்சக் கூலி என்றால் என்ன என்று பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். அய்க்ராய்ட் கணக்குப்படி ஆளுக்கு 2,700 கலோரி. தலைக்கு வருஷத்துக்கு 18 கெஜம் துணி. குடியிருக்க வாடகை. விறகு, விளக்கு, சில்லறைச் செலவுக்கு மொத்தத்தில் நூற்றுக்கு இருபது. இதற்கெல்லாம் போதுகிற தொகைதான் கூலி. அதற்குக் கீழே கொடுப்பது கூலியே அல்ல!

1991இல் சுப்ரீம் கோர்ட், சென்னைத் தொழிலாளர்களின் ரெப்டகாஸ் பிரெட் வழக்கில், இன்னும் ஒரு படி மேலே போயிற்று. பிள்ளைகளின் படிப்பு, வைத்தியம், திருவிழா உள்ளிட்ட பொழுதுபோக்கு, வயோதிக காலம், கல்யாணம் இவற்றுக்காக இன்னொரு 25 சதவீதம் சேர வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிற்று. கவனியுங்கள்: பொழுதுபோக்கு! தொழிலாளி சிரிப்பதற்கும் கூலியில் பங்கு உண்டு என்று நாட்டின் உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. "மன அமைதிக்கு வழி" என்று புஸ்தகம் போடுகிறவர்களில் எத்தனை பேர் இந்தத் தீர்ப்பைச் சொல்லியிருக்கிறார்கள்?

காகிதத்தில் உள்ளது எல்லாம் கையில் வந்ததா? வரவில்லை. மாநாட்டு முடிவை முதலாளிகள் கைகழுவிவிட்டார்கள். சர்க்காரும் அதைத் தன் சொந்தச் சிப்பந்திகளுக்கே முழுசாக அமலாக்கத் தயங்கிற்று. ஆனாலும் அளவுகோல் நம் கையில் இருக்கிறது. சங்கம் கூலி பேசப் போகும்போது "ஏதோ பார்த்துக் கொடுங்க அண்ணாச்சி" என்று தலையைச் சொறிய வேண்டியதில்லை. 2,700 கலோரி, 18 கெஜம், 25 சதவீதம் என்று கணக்குப் பேசலாம்.

அந்தக் கணக்கிலும் ஓட்டை உண்டு. நமக்கு வேண்டியவர்கள் போட்டது என்பதற்காக அதை மறைக்கக்கூடாது. புருஷனுக்கு 1 பங்கு, மனைவிக்கு 0.8, இரண்டு பிள்ளைகளுக்குத் தலா 0.6. ஆக 3 பங்கு. விடிய எழுந்து பொங்கி வைத்துவிட்டு, நாள் முழுக்க வயலில் குனிந்து நட்டுவிட்டு, சாயங்காலம் வந்து மறுபடியும் அடுப்பில் குனிகிறாளே, அவளுக்கு முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே! திண்ணையில் கிடக்கும் தாய் தகப்பனுக்கு ஒரு பங்கும் கிடையாது. அவர்கள் என்ன, காற்றைக் குடித்தா ஜீவிப்பது? 2,700 என்பதே நடுத்தர உழைப்புக்கான அளவு. பாரம் சுமக்கிற ஆணுக்கு 3,470 கலோரி வேண்டும் என்று 2020இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் சொல்லியிருக்கிறது. தார் ஏற்றுகிறவனையும் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவனையும் 1957ஆம் வருஷத்து 2,700க்குள் அடைக்க முடியாது.

குன்னூர்க் கூடம் 1958இல் ஹைதராபாத்துக்குப் போயிற்று. இன்று அதன் பெயர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அவர்கள் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில் ஒரு தட்டு இருக்கிறது. உட்கார்ந்த இடத்தில் வேலை செய்கிறவருக்கு நாளொன்றுக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், கீரையும் காயும் 400 கிராம், பழம் 100 கிராம், பால் 300 மில்லி. சரி. நம் ரேஷன் கடைக்கு வருவோம். 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் அரிசி விலையில்லாமல் வருகிறது. சண்டை போட்டுக் காப்பாற்ற வேண்டிய உரிமை அது. அதைக் குறை சொல்கிறவன் பசியைப் பார்த்தவன் அல்ல. ஆனால் துவரம் பருப்பு கார்டுக்கு மாதம் 1 கிலோ. நாலு பேர், முப்பது நாள் என்று வகுத்துப் பாருங்கள். தலைக்கு நாளொன்றுக்கு 8 கிராம் சொச்சம்! வேண்டியது 85. மீதியைக் கடையில் வாங்கு என்கிறார்கள். கடைக்காரன் விலையைக் கேட்டால் வீட்டுக்காரி பருப்பில்லாத சாம்பார் வைக்கக் கற்றுக்கொள்கிறாள்.

வயிறு நிறைகிறது; தேகம் நிறையவில்லை. அரிசியே மூன்று வேளையும் என்றானதில் இன்னொரு ஆபத்தும் சேர்ந்துகொண்டது. சர்க்கரை வியாதி பணக்காரனுடையது என்பது பழைய கதை. 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை வியாதி என்றது. தமிழ்நாடு அதில் தேசிய சராசரிக்கு மேலே நிற்கிறது. 2021 ஆகஸ்ட் முதல் மக்களைத் தேடி மருத்துவம் என்று வீட்டு வாசலுக்கே மாத்திரை வருகிறது. நல்ல காரியம். மாத்திரைக்கு முன்னால் சாப்பிட வேண்டிய பருப்பும் காயும் எப்போது வாசலுக்கு வரும்?

பிள்ளைகள் விஷயத்தில் இதைச் சாதித்திருக்கிறோமே! 1956இல் காமராஜர் இதே ஜில்லா எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கி வைத்தார். 1982இல் அது சத்துணவாக விரிந்தது. முட்டை சேர்ந்தது. 2022 செப்டம்பரில் காலைச் சிற்றுண்டியும் வந்தது. ஆக, பள்ளிக்கூடத்தில் மகளுக்கு முட்டை உண்டு. அதே நேரத்தில் வரப்பில் உட்கார்ந்திருக்கும் தாயின் தூக்குவாளியில் என்ன இருக்கிறது? ஆலைகளில் 250 பேருக்கு மேல் இருந்தால் கேன்டீன் வைக்க வேண்டும் என்று 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் சொல்லிற்று. வயலுக்குக் கேன்டீன் கிடையாது. கேரளத்தில் இடது முன்னணி சர்க்கார் 2020இல் குடும்பஸ்ரீ பெண்களைக் கொண்டு 20 ரூபாய்ச் சாப்பாட்டுக் கடைகளைத் திறந்தது. 2023இல் மானியத்தை நிறுத்தி விலையை ஏற்றியது சரியென்று நான் நினைக்கவில்லை. ஆனால் அப்படி ஒன்று நடக்கக்கூடியதே என்று காட்டிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எங்கிருந்து வந்தது?

"உழைப்பும் ஓய்வும் அளவாக இருக்க வேண்டும்" என்கிறார்கள். தூத்துக்குடிக்காரனுக்கு இதை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

1908 பிப்ரவரி 27. ஹார்வி கம்பெனியின் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பக்கபலமாக நின்றவர்கள் வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும். கோரிக்கை என்ன? கூலி உயர்வு ஒன்று. வாரத்துக்கு ஒரு நாள் லீவு மற்றொன்று. ஞாயிறும் இல்லை, திங்களும் இல்லை, இருட்டில் போய் இருட்டில் வருகிற பிழைப்பு. துப்பாக்கியும் கலெக்டரும் கம்பெனி பக்கம். இருந்தும் சில நாட்களுக்குள் வெள்ளைக்காரக் கம்பெனி இறங்கி வந்தது. கூலி ஏறிற்று; வேலை நேரம் குறைந்தது; ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தது. மார்ச் 12ஆம் தேதி வ.உ.சி.யைக் கைது செய்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையின் விலை அவருக்குச் செக்கு.

சிகாகோவில் 1886 மே மாதம் ரத்தம் சிந்திக் கேட்டதும் இதுதான்: எட்டு மணி வேலை, எட்டு மணி தூக்கம், எட்டு மணி நம் சொந்தத்துக்கு. 1923இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் முதன்முதலாக மே தினக் கொடி ஏற்றியபோதும் இதே பேச்சுத்தான். சமச்சீரான வாழ்க்கை என்று இன்று எந்த ஞானி பேசினாலும் சரி, அதன் முதல் பாடத்தை எழுதியது ஆலைத் தொழிலாளி.

எழுதியதை அழிக்க வருகிறவர்களும் உண்டு. 2023 ஏப்ரல் 21ஆம் தேதி, 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா தமிழ்நாடு சட்டசபையில் நிறைவேறிற்று. கம்யூனிஸ்டுகள் மட்டுமல்ல, கூட்டணியில் இருந்த மற்றவர்களும் எதிர்த்து வெளிநடப்புச் செய்தார்கள். தொழிற்சங்கங்கள் கிளம்பின. பத்தே நாளில், மே தினத்தன்று, மசோதா வாபஸ் என்று முதலமைச்சர் அறிவிக்க வேண்டி வந்தது. 12 மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவனிடம் "எட்டு மணி தூங்கு, அரை மணி நட, பிள்ளைகளோடு பேசு" என்றால் நாளுக்கு 24 மணிதானே இருக்கிறது? போக வர பஸ்ஸுக்கு இரண்டு மணி வேறு.

ஜவுளிக் கடைகளில் நாள் முழுக்க நின்றபடி புடவை விரிக்கிற பெண்களுக்கு உட்கார நாற்காலி வேண்டும் என்பதற்கே 2021இல் தமிழ்நாட்டில் ஒரு சட்டத் திருத்தம் தேவைப்பட்டது. உட்காரச் சட்டம்! இதைப் படித்துச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

மனசு என்றொன்று

இனி, நம் பத்திரிகையில் அதிகம் பேசாத விஷயத்துக்கு வருகிறேன். தொழிலாளிக்கும் மனசு உண்டு. அது உடையும்.

2021இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் கூடம் கணக்கிட்டவர்கள் 1,64,033 பேர். அதில் 42,004 பேர் தினக்கூலித் தொழிலாளர்கள். நாலில் ஒருவர்! விவசாயக் கூலிகள் 5,563 பேர் இதில் சேராமல் தனி. மாநிலவாரியாகப் பார்த்தால் இப்படி இறந்த தினக்கூலிகள் அதிகம் பேர் தமிழ்நாட்டவர். இவர்களெல்லாம் தியானம் செய்யத் தெரியாததால் செத்தார்களா?

வேலை நாலு நாள் இருக்கிறது. மூணு நாள் இல்லை. குழுக் கடன்காரன் வாரம் தவறாமல் வருகிறான். தவணை கட்டாத பெண்ணின் வாசலில் மற்ற பெண்களையே கூட்டிவந்து உட்கார வைத்து அவமானப்படுத்துகிறான். பட்ட அவமானத்தைப் புருஷனிடம் சொன்னால் சண்டை. சொல்லாவிட்டால் நெஞ்சுக்குள் புகைச்சல். இப்படிப்பட்ட வசூலைத் தடுக்க 2025இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் வந்த செய்தி கடன்காரனுக்குத் தெரிந்த அளவு கடன் வாங்கினவளுக்குத் தெரியவில்லை. சொல்லவேண்டியவர்கள் நாம்.

ஏரல்காரர்களுக்கு 2023 டிசம்பர் 17, 18 தேதிகள் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை தாண்டிற்று. ஏரல் பாலம் அறுந்தது. கடைத்தெருவில் சரக்கெல்லாம் சேறாயிற்று. வாழை சாய்ந்தது, நெல் மூழ்கிற்று. சர்க்கார் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் கொடுத்தது. பாலத்தைச் சரிசெய்தார்கள். ஆனால் அந்த ராத்திரியில் மாடியிலும் கூரையிலும் பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு வானம் கறுத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. அதற்கு நிவாரணப் பட்டியலில் பத்தி கிடையாது. வெள்ளம் வடிந்த பின் வயலில் வேலையில்லாத மாதங்களுக்குக் கூலி இழப்பு என்றும் ஒன்று கிடையாது. நிலக்காரனுக்குப் பயிர் நஷ்டம் எழுதினார்கள், அந்தப் பயிரில் கைவைத்துப் பிழைப்பவனுக்கு என்ன எழுதினார்கள்?

அதே வெள்ளத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுவிட்டது. சுமார் 800 பிரயாணிகள் நடுத் தண்ணீரில். பக்கத்து மேலப் புதுக்குடி ஜனங்கள், தங்கள் வீடுகளிலேயே தண்ணீர் நிற்கையில், இருந்த அரிசியைத் திரட்டி அவர்களுக்குப் பொங்கிப் போட்டார்கள். யாரும் அவர்களுக்கு மனித நேயம் பற்றி வகுப்பு எடுக்கவில்லை. உடைந்துபோகாமல் மனுஷனைத் தாங்குவது பக்கத்தில் இன்னொரு மனுஷன் இருக்கிறான் என்ற உணர்வு. ஆடி அமாவாசைக்கு ஏரல் சேர்மன் சுவாமி கோயிலுக்கு ஜனங்கள் குவிந்து, ஒரு நாள் கூலி போனால் போகட்டும் என்று, உறவு சனத்தோடு கூடி உண்டு போகிறார்கள். நம் தோழர்கள் சிலர் இதைக் கேலி செய்வதுண்டு. எனக்கு அது பிடிக்காது. சாமியை விடுங்கள். வருஷத்தில் அவர்கள் மேஸ்திரியின் அதட்டலைக் கேட்காமல் இருக்கும் நாட்கள் எத்தனை? சங்கக் கூட்டம் அந்த ஆறுதலைத் தருகிறதா என்று நாம் யோசித்தால் போதும்.

அடுத்தது குடி. 1845இல் எங்கெல்ஸ் இங்கிலாந்துத் தொழிலாளர் நிலைமையை எழுதியபோது, கலப்படச் சாப்பாட்டையும் இருட்டு வீட்டையும் முறித்துப்போடும் வேலையையும் காட்டிவிட்டுத்தான் குடியைப் பற்றிப் பேசினார். குடிக்கிறவனைப் பாவி என்று தள்ளிவிடவில்லை; அவனைக் கடைக்குத் தள்ளுவது எது என்று பார்த்தார். சரியான பார்வை. ஆனால் நம்மில் சிலர் எங்கெல்ஸைத் துணைக்கு அழைத்துக்கொண்டு டாஸ்மாக் வரிசையில் நிற்பதைப் பார்க்கிறேன்! 2003 முதல் சர்க்காரே கடை வைத்து விற்கிறது, வருமானத்தை எண்ணுகிறது. சர்க்காரைத் திட்டுவோம். ஆனால் சனிக்கிழமைக் கூலியில் பாதி அங்கே போனால், 8 கிராம் பருப்பு 4 கிராமாகிறது. அந்த 4 கிராமைக் குறைத்துக்கொள்கிறவள் வீட்டுக்காரி. முதலாளி பறித்தது போக மிச்சத்தை நாமே பறிக்க வேண்டுமா? சமுதாயம் மாறும்வரை எல்லாம் இப்படித்தான் என்று சொல்கிற தோழருக்கும், "மனசைச் சரி செய், எல்லாம் சரியாகும்" என்கிற சாமியாருக்கும் எனக்கு அதிக வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு பேருமே இன்று ராத்திரி உலைக்குப் பதில் சொல்வதில்லை.

இன்று ராத்திரிக்கே செய்யக்கூடியவை இருக்கின்றன. முருங்கை கொல்லையில் நிற்கிறது. சாளை மீன் மலிவு. வஞ்சிரத்துக்கு அது எந்த விதத்திலும் தாழ்ந்ததல்ல. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி கழித்துக் குடிக்கலாம். பசியை அமர்த்த டீ குடிக்கிற நம் பெண்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். உப்பு நம் ஊர்ச் சரக்கு என்றாலும் நாளுக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். கருவாட்டையும் ஊறுகாயையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆண்கள் உண்டு முடித்து, பிள்ளைகள் உண்டு முடித்து, சட்டியில் ஒட்டியிருப்பதை வழித்துச் சாப்பிடுகிற வழக்கம் நம் செங்கொடி வீடுகளிலாவது ஒழிய வேண்டும். இதற்கு முதலாளி அனுமதி தேவையில்லை. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தால் போதும். மனசு பாரமாகி, வேண்டாத எண்ணம் வந்தால் 14416 என்ற நம்பருக்குப் போன் செய்யலாம். காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள். சங்க ஆபீசில் இந்த நம்பரைப் பெரிசாக எழுதி மாட்டுங்கள். கூட வேலை செய்கிற தம்பி நாலு நாளாகப் பேசாமல் இருந்தால், "என்னப்பா விஷயம்?" என்று கேளுங்கள். அதுவும் சங்க வேலைதான்.

ஆனால் கீரையால் மட்டும் 85 கிராம் நிரம்பாது. கூலி ஏறாமல் தட்டு மாறாது; தட்டுக்காக இந்தத் தமிழகத்தில் உயிரே போயிருக்கிறது. 1968 டிசம்பர் 25ஆம் தேதி கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். அதன் பின்னால் இருந்தது செங்கொடிச் சங்கமும் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட கூலிப் போராட்டமும். 1999 ஜூலை 23ஆம் தேதி, மாஞ்சோலைத் தேயிலைத் தொழிலாளிகளின் கூலிக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் ஆற்றுக்குள் விரட்டியடித்து 17 பேர் மாண்டார்கள். அந்த ஆற்றின் தண்ணீர்தான் ஏரல் வயலில் பாய்கிறது.

ஆகவே, வருகிற அறுவடைக்கு முன் கூலிப் பேச்சுக்குப் போகும்போது சும்மா ஒரு ரூபாய்க் கணக்கை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். ஒரு குடும்பத்துக்கு நாளொன்றுக்கு என்ன வேண்டும், ஏரல் கடைத்தெருவில் அதன் இன்றைய விலை என்ன என்று பெண்களை வைத்தே எழுதச் சொல்லுங்கள். அரிசி முதல் சாளை வரை. பெண்ணுக்கு 0.8 போடாதீர்கள், முழுசாக ஒன்று போடுங்கள். திண்ணையில் இருக்கும் கிழவிக்கும் ஒரு பங்கு. அந்தத் தாளை நிலக்காரர்களிடமும் தாசில்தாரிடமும் வையுங்கள். 2023இல் நீலகிரி, தருமபுரி ஜில்லாக்களின் ரேஷன் கடைகளில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். அது நமக்கும் வேண்டும். விளாத்திகுளம், எட்டயபுரம் கரிசலில் கம்பும் சோளமும் விளைகின்றன. அவற்றைச் சர்க்கார் நியாய விலைக்கு வாங்கி இங்கே போடட்டும். பருப்பு 1 கிலோ என்பது 4 கிலோ ஆகட்டும். மனுவை எழுதிவிட்டால் முதல் கையெழுத்து, வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவளுடையதாக இருக்கட்டும்.